ஆறாத எஞ்சின்

புகுந்த வீட்டில் அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். வைத்தது நாத்தனார். கல்யாணமான புதிதில் நாத்தனார் ஆசையாகக் கொடுத்த போர்வையை இவள் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நெசவில் எங்காவது இழை விட்டிருக்கிறதா என்று பார்த்தாள். பார்த்ததோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. இரண்டு இடத்தில் விட்டிருக்கிறது என்று சொல்லவும் செய்தாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்.

சலவைத் தொழில் நடத்துகிறவளுக்கு அந்தக் குணம் ஒரு குறையில்லை. விடுதிகளிலிருந்து வரும் விரிப்புகளில் யார் எந்தக் கறையை உள்பக்கமாக மடித்து அனுப்பியிருக்கிறார்கள் என்று மூட்டையை அவிழ்க்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் கணவன் இதற்கு நேர்மாறு. யார் எதைச் சொன்னாலும் "அப்படியா, சரி" என்று கேட்டுக்கொள்கிற ஆள். கடையில் இஸ்திரி போடுவதும் வண்டி ஓட்டுவதும் அவன் வேலை.

அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் அவர்களுடைய பழைய வேன் நடுரோட்டில் கியர்பாக்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டது. சேதி எப்படிப் போனதோ, மறுநாளே நாத்தனாரிடமிருந்து போன்.

"உங்க மாமாவோட பிக்கப் சும்மாதான் நிக்குது. நீங்களே எடுத்துக்கோங்கடா. வெலையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். முதல்ல வண்டிய கொண்டு போங்க."

கணவன் போனை வைத்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினான். இன்ஸ்பெக்டருக்கு மூக்கில் வியர்த்தது.

"உங்க அக்கா ஒரு பழைய சட்டிய குடுத்தாலே பத்து வருஷம் சொல்லிக் காட்டுவாங்க. வண்டிய எடுத்துட்டுப் போ, வெல அப்புறம்னு சொல்றாங்கன்னா என்ன அர்த்தம்?"

"நம்ம கஷ்டம் தெரிஞ்சு குடுக்கறாங்க."

"நம்ம தலையில எதையோ கட்டறாங்க."

நாத்தனாரின் கணவர் முப்பது வருஷம் நெடுந்தூர சரக்கு லாரி ஓட்டியவர். மாதத்தில் நாலைந்து நாள் வீட்டில் இருந்தால் பெரிது. முழங்கால் தேய்ந்துபோய் போன வருஷம் வேலையை விட்டு ஒரேயடியாக வீட்டுக்கு வந்துவிட்டார். அதிகம் பேசமாட்டார். உறவுக்காரர்கள் மத்தியிலும் அவர் லாரிக்காரர்தான். அந்த டீசல் பிக்கப்பை வாங்கி ஆறேழு வருஷம் இருக்கும். ஊருக்கு வரும் நாட்களில் அதைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனார்கள். பத்து மணிக்கு மேல்தான் வரவேண்டும் என்று நாத்தனார் இரண்டு தடவை சொல்லியிருந்தாள். தெருவின் கடைசி வீடு அது. பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் மரச்சாமான் கிடங்கு. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகையில் வண்டி நின்றது. நின்றது என்றால், எஞ்சின் ஓடிக்கொண்டே நின்றது. லாரிக்காரர் பானெட் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, ஏதோ மாட்டைத் தடவிக் கொடுப்பவர் மாதிரி பக்கத்தில் நின்றார்.

"வாங்க" என்றார். அதோடு சரி.

"அண்ணா, ஒருதரம் ஆஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணுங்க" என்றாள் இன்ஸ்பெக்டர்.

அவர் அணைத்தார், சாவியைத் திருப்பினார். செல்ஃப் ஒரு சுற்று சுற்றுவதற்குள் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கணவன் பெருமையாக மனைவியைப் பார்த்தான்.

அவள் எஞ்சினைப் பார்க்கவில்லை. முற்றமெல்லாம் உப்பைத் தூவியதுபோல உறைபனி படிந்திருக்க, வண்டிக்கு அடியில் மட்டும் தரை ஈரமாக, கறுப்பாக இருந்தது. சைலன்சருக்கு எதிரே இருந்த சுவரில், ஒரு ஆள் உயரத்துக்குக் கரி அப்பியிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். புதுக் கரி, விரலோடு வந்தது. சும்மா நிற்கும் வண்டி இவ்வளவு கரியை எப்போது துப்பியது?

நாத்தனாரின் கண்கள் வேறு சிவந்து கிடந்தன. தூணைப் பிடித்தபடி நின்றவள், "இன்னைக்கே எடுத்துட்டுப் போயிடுங்களேன்" என்றாள். லாரிக்காரர் தலையைக் குனிந்து கொண்டார். விற்கிற மனைவிக்கு அவசரம். வண்டிக்குச் சொந்தக்காரருக்கு மனசே இல்லை. இரண்டுக்கும் நடுவில் என்னவோ இருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் முடிவு செய்தாள்.

"யோசிச்சு சொல்றோம் அண்ணி" என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டாள், கணவன் வாயைத் திறப்பதற்கு முன்பே.

கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மெக்கானிக் இருந்தார். ஓட்டலுக்கும் அவருக்கும் ஒரே சோப்பில் துணி துவைத்துக் கொடுக்கிறாள் என்று அவளோடு எப்போதும் சண்டை போடுகிறவர். அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள்.

"நீங்க போறப்பவே எஞ்சின் சூடா இருந்துச்சா?"

"ஓடிட்டே இருந்துச்சு."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "பெட்ரோல் வண்டில பொறி பட்டு எரியும். டீசலுக்குப் பொறி கெடையாது. காத்த அழுத்தி அழுத்தி வர்ற சூட்டுலதான் எரியணும். குளிர்ல இரும்பு மொத்தமும் ஐஸா இருக்கும், வர்ற சூட்ட அதுவே குடிச்சிடும். அதுக்குத்தான் உள்ள ஹீட்டர் பிளக்னு ஒண்ணு வெச்சிருக்கான். அது போயிருந்தா, இல்ல எஞ்சின் உள்ள தேஞ்சிருந்தா, காலையில ஸ்டார்ட் ஆகாது. ஆனா முன்னாடியே சூடு பண்ணி வெச்சுட்டா எந்த ஓட்ட வண்டியும் ஒரே செல்ஃப்ல பிடிக்கும். குளிர்காலத்துல வண்டி விக்கறவன் முக்கால்வாசிப் பேர் இதத்தான் பண்றான்."

"எங்க நாத்தனார் வீடு அது."

"அப்ப முழுசாவே பண்ணுவாங்க" என்றார் மெக்கானிக்.

அன்று சாப்பிடும்போது அவள் இதைச் சொன்னாள். கணவனுக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது.

"எங்க மாமா பொய் சொல்ல மாட்டாரு."

"அவர் எங்க சொன்னாரு? வாயே தொறக்கல. பேசறது பூரா உங்க அக்கா."

"அக்காவ திருடின்னு சொல்றியா?"

"நான் ஒண்ணும் சொல்லல. ஒரு நாள் காலையில ஆறிப்போன வண்டிய ஸ்டார்ட் பண்ணிக் காட்டட்டும். நானே மால போட்டு எடுத்துட்டு வரேன்."

புதன்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல், எட்டு மணிக்கே கணவனை இழுத்துக்கொண்டு போனாள். தெருமுனையிலேயே அந்தக் கடகட சத்தம் கேட்டது. வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. நாத்தனார் பின்வாசல் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு போன் பண்ணிட்டு வர்றதுக்கு என்ன?"

"இந்தப் பக்கம் ஒரு விடுதில துணி வாங்க வேண்டியிருந்துச்சு அண்ணி" என்று இன்ஸ்பெக்டர் கூசாமல் சொன்னாள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே நாத்தனார் கொட்டகைக்கு விரைந்து போய், வண்டிக்குள்ளிருந்து எதையோ வாரி எடுத்துச் சேலைத் தலைப்பில் மறைத்தபடி வீட்டுக்குள் போனாள். தலையணை. அதில் சந்தேகமில்லை. இன்ஸ்பெக்டர் மெதுவாக வண்டியருகே போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பின்சீட்டில் கம்பளிகள், ஒன்றல்ல, இரண்டு. கப் வைக்கும் குழியில் ஒரு பிளாஸ்க், அதன்மேல் இரண்டு டம்ளர். யாரோ இதில் இருக்கிறார்கள். இல்லை, யாரையோ இதில் வைத்திருக்கிறார்கள்.

திரும்பும் வழியில் கணவன், "மாமா ஏதாவது வாடகைக்கு விட்டிருப்பாரோ" என்று அவனாகவே கேட்டான். அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது என்றால் விஷயம் பெரிதுதான் என்று அவளுக்கு உறுதியாயிற்று. விற்ற பிறகு போலீஸ் வந்து கடை வாசலில் நின்றால் யார் பதில் சொல்வது?

வெள்ளிக்கிழமை அவள் மட்டும் முதல் பஸ்ஸில் போனாள். விடிந்தும் விடியாத நேரம். மூச்சு வெளியே வந்தவுடன் வெள்ளையாகிக் காதோரம் போனது. கிடங்குச் சுவரை ஒட்டி நடந்து கொட்டகைக்குப் பின்பக்கமாக வந்தாள். எஞ்சின் ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடிகள் எல்லாம் உள்ளே ஆவி படிந்து மங்கலாக இருந்தன. பக்கவாட்டுக் கண்ணாடி மட்டும் ஒரு கை நுழையும் அளவுக்கு இறக்கி விடப்பட்டிருந்தது.

உள்ளே இரண்டு தலைகள்.

திரும்பி ஓடிவிடலாமா என்று ஓர் அடி பின்னால் வைத்தாள். ஆனால் வந்ததற்குப் பார்த்துவிட்டுப் போவதுதான் முறை என்று, எட்டி, அந்த இடைவெளி வழியாகப் பார்த்தாள்.

டிரைவர் சீட்டைச் சாய்த்துப்போட்டு லாரிக்காரர் வாயைத் திறந்தபடி ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்துச் சீட்டில், தலை வரை கம்பளியைச் சுற்றிக்கொண்டு, கொட்டக் கொட்ட விழித்தபடி நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். இருவர் கண்களும் சந்தித்தன. நாத்தனார் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் உதட்டில் விரலை வைத்தாள். பிறகு சத்தமில்லாமல் கதவைத் திறந்து இறங்கினாள்.

"பாத்துட்டியா? திருப்தியா?" என்றாள் தாழ்ந்த குரலில். "போ. போய் எல்லார்கிட்டயும் சொல்லு."

"என்ன அண்ணி இது?"

நாத்தனார் சமையலறைக்குள் போனாள். இன்ஸ்பெக்டரும் பின்னால் போனாள். அடுப்பைப் பற்ற வைத்துத் தண்ணீரை ஏற்றிவிட்டு, முதுகைக் காட்டியபடியே நாத்தனார் பேசினாள்.

"முப்பது வருஷம் லாரிக்குள்ளயே தூங்குன மனுஷன். லாரி போற பக்கமெல்லாம் குளிர்ல எஞ்சின நிறுத்துனா மறுபடி கிளம்பாதாம். ராத்திரி பூரா ஓட விட்டுட்டு, சீட்டுக்குப் பின்னாடி படுத்துக்குவாங்களாம். அந்த சத்தமும் ஆட்டமும் இல்லாம இவருக்குத் தூக்கமே வரமாட்டேங்குது. மெத்தையில படுத்தா கூரையப் பாத்துட்டே கெடப்பாரு. ரேடியோ போட்டுப் பாத்தேன், ஃபேன் போட்டுப் பாத்தேன், மாத்திர குடுத்துப் பாத்தேன். குளிர் ஆரம்பிச்சதும் ஒரு நாள் கொட்டகைக்குப் போயிட்டாரு. அன்னைக்கு நானும் உன்னை மாதிரிதான். எவளோடயோ போன்ல பேசறாருன்னு நெனைச்சு, பூனை மாதிரி பின்னாடியே போய்ப் பாத்தேன். வண்டிய ஓட விட்டுட்டு குழந்த மாதிரி தூங்கறாரு."

"நீங்க ஏன் கூட உக்காந்திருக்கீங்க?"

"பொகை உள்ள வந்துட்டா?" நாத்தனார் திரும்பினாள். "வண்டிக்குள்ள தூங்குனவங்க எந்திரிக்காமயே போயிட்டாங்கன்னு எத்தன கேள்விப்படறோம். சொன்னா கேக்க மாட்டாரு, எனக்குத் தெரியாததான்னு சொல்லுவாரு. அதான் கண்ணாடிய எறக்கி விட்டுட்டு, மூச்சு வருதான்னு பாத்துட்டே உக்காந்திருக்கேன். தினமும். வண்டியே இல்லன்னா வீட்டுக்குள்ள வந்துதானே ஆகணும்? அதுக்குத்தான் உங்க தலையில கட்டலாம்னு பாத்தேன். போதுமா?"

நாத்தனாரின் கண் சிவப்புக்கு இப்போதுதான் இன்ஸ்பெக்டருக்குக் கணக்குப் புரிந்தது.

"இத எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? முப்பது வருஷம் காத்திருந்து புருஷன் வீட்டுக்கு வந்தாரு, வந்தவரு வீட்டுக்குள்ள படுக்க மாட்டேங்கறாருன்னா? கேக்கறவங்க அவரச் சொல்லுவாங்களா, என்னைச் சொல்லுவாங்களா?"

தேநீர் கொதித்து அடுப்பில் வழிந்தது. இருவரும் ஒரே நேரத்தில் பாத்திரத்தைப் பிடிக்கப் போனார்கள். இன்ஸ்பெக்டர் அடுப்பைத் துடைத்தாள். அவளுக்கு நாத்தனாரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் வண்டி விஷயம் வேறு, மனிதர் விஷயம் வேறு. டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரே ஒரு ராத்திரி எஞ்சின ஆஃப் பண்ணி வைங்க. நாளைக்குக் காலையில நாங்க வந்து ஸ்டார்ட் பண்ணிப் பாக்கறோம்."

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்கு வெச்ச பேரு தப்பே இல்ல."

வாசலில் லாரிக்காரர் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார், எதையெல்லாம் கேட்டார் என்று தெரியவில்லை. திரும்பிக் கொட்டகைக்குப் போனார். கடகட சத்தம் நின்றது. அந்த வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது மாதிரி இருந்தது. குழாயில் தண்ணீர் சொட்டுவதுகூடக் கேட்டது.

சனிக்கிழமை காலை கணவனும் அவளும் போனபோது லாரிக்காரர் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. தூங்கவில்லை என்று யாரும் சொல்லத் தேவையில்லை. நாலு பேருமாகக் கொட்டகைக்குப் போனார்கள். பானெட் மேல் வெள்ளையாக உறைபனி படிந்திருந்தது. அந்த வண்டியின் மேல் உறைபனியை அன்றுதான் பார்க்கிறார்கள்.

லாரிக்காரர் ஏறி உட்கார்ந்தார். சாவியை அரைத் திருப்பு திருப்பி, ஹீட்டர் பிளக் சூடாவதைக் காட்டும் மஞ்சள் விளக்கு அணையும்வரை காத்திருந்தார். பிறகு செல்ஃப் அடித்தார். கிர், கிர், கிர் என்று சுற்றியது. சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை குப்பென்று வந்தது. எஞ்சின் பிடிக்கவில்லை. இன்னொரு தரம் அடித்தார். சுற்றல் மெதுவாகிக்கொண்டே போய், கடைசியில் டக் என்ற ஒற்றைச் சத்தத்தோடு பேட்டரியும் கையை விரித்துவிட்டது.

கணவன் மனைவியைப் பார்க்காமல் தகரக் கூரையைப் பார்த்தான். இன்ஸ்பெக்டர் லாரிக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறைத்து வைத்த கறை வெளியே வரும்போது மனிதர்களின் முகம் எப்படிப் போகும் என்று அவளுக்கு அத்துப்படி. பார்வை நழுவும், வாய் முந்திக்கொண்டு பேசும். இந்த மனிதர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, கூடவே வளர்ந்த நாய் தன்னைக் கடித்துவிட்டது போல அந்த டேஷ்போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ஸ்டார்ட் ஆகுமே" என்றார். அவர் அதை அவர்களிடம் சொல்லவில்லை.

இறங்கி பானெட்டைத் திறந்தார். ஒரு சின்ன பல்பையும் ஒயரையும் எடுத்து வந்து, எதிர்வீட்டுக்காரர் உதவிக்குக் கொண்டுவந்து நிறுத்திய வண்டியின் பேட்டரியில் ஒரு முனையைக் கொடுத்து, ஒவ்வொரு ஹீட்டர் பிளக்காகத் தொட்டுப் பார்த்தார். முதல் மூன்றில் பல்பு எரியவில்லை. நாலாவதில் மட்டும் எரிந்தது.

"மூணு செத்துப் போச்சு. எப்பன்னு தெரியல." பல்பை எடுத்தார். "ராத்திரி பூரா ஓடும். பகல்ல கொஞ்ச நேரம் நிறுத்துனாலும் முழுசா ஆறாது. ஆறுனாத்தானே தெரியும்."

நாத்தனார் சட்டென்று இன்ஸ்பெக்டரின் முன்னால் வந்து நின்றாள். "இப்ப நீ என்ன நெனைக்கறேன்னு எனக்குத் தெரியும். கெட்டுப்போனதச் சூடு பண்ணி வெச்சு ஏமாத்தப் பாத்தோம்னுதானே?"

"முதல்ல அப்படித்தான் நெனைச்சேன்" என்றாள் இன்ஸ்பெக்டர். "வண்டியப் பத்தி நான் நெனைச்சது சரி. உங்களப் பத்தி நெனைச்சது தப்பு. அண்ணனுக்கே தெரியாதுன்னு அவர் முகத்துல பாத்துட்டேன்."

கணவன், "அப்ப வண்டிய எடுத்துக்கலாமா?" என்று கேட்டான். நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் தூணில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது பாதி சிரிப்பு, பாதி தூக்கமின்மை.

புது பிளக்குகளை லாரிக்காரரே வாங்கிப் போட்டார். ஒன்று உள்ளேயே முறிந்து மாட்டிக்கொண்டு அரை நாளைத் தின்றது. ராத்திரி பூரா நின்ற இடத்திலேயே ஓட விட்டதில் ஆயிலும் தாராகக் கறுத்துப்போயிருந்தது. மாற்றினார். கடைக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த மெக்கானிக் வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, இன்னும் பல வருஷம் ஓடும், ஆனால் நிற்கும் இடத்தில் ஓட விடும் பழக்கம் தொடர்ந்தால் அவ்வளவு ஓடாது என்றார். லாரிக்காரர் அதைக் கேட்காதவர் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டார்.

வண்டி சலவைக்கடைக்கு வந்தது. அடுத்த வாரமே லாரிக்காரரும் வந்தார், துணி மூட்டைகளை விடுதிகளுக்குத் தானே கொண்டுபோய்ப் போடுகிறேன் என்று. கணவனுக்கு முழுநேரமும் இஸ்திரி மேசையில் நிற்க முடிந்ததால் அவனுக்கும் சந்தோஷம். இன்ஸ்பெக்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"நிறுத்துன எடத்துல எஞ்சின ஆஃப் பண்ணிடணும் அண்ணா."

"குளிர்ல..."

"புது பிளக் போட்டிருக்கீங்க இல்ல. நம்புங்க."

முதல் நாட்களில் அவர் ஒவ்வொரு விடுதி வாசலிலும் சாவியைத் திருப்பிவிட்டு, மூட்டையை இறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பார் என்று விடுதிக்காரர்கள் சொன்னார்கள். மூட்டையைப் போட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்து மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பாராம். இரவுகள் சுலபமாக இல்லை. சமையலறை மேசையில் விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார் என்று நாத்தனார் போனில் சொன்னாள். அவருக்குத் துணையாகத் தானும் உட்கார்ந்திருப்பதாகவும், இப்போது புகை இல்லாததால் குறைந்தபட்சம் சண்டையாவது போட முடிகிறது என்றும் சொன்னாள். இத்தனை வருஷம் சேர்த்து வைத்திருந்த சண்டைகள் நிறைய இருந்தன. அவர் வராமல் போன பிரசவம், மறந்துபோன கடிதங்கள், அவள் தனியாகவே பூசி முடித்த இந்த வீடு. ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் போட்டாள். அவரும் வாயைத் திறந்து பதில் சொல்லப் பழகினார்.

குளிர் இன்னும் விடாத ஒரு காலையில் லாரிக்காரர் வேலைக்கு வரவில்லை. மடித்துக் கட்டிய விரிப்புகள் வாசல்வரை அடுக்கிக் கிடந்தன. ஒரு விடுதிக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். இன்ஸ்பெக்டர் போனை எடுத்து நாத்தனாரை அழைத்தாள். மறுமுனையில் பேச்சு கிசுகிசுப்பாக வந்தது.

"தூங்கறாரு. உள்ள, மெத்தையில. குளிக்கப் போறேன்னு சொன்னவரு அப்படியே சாஞ்சுட்டாரு. நான் எழுப்ப மாட்டேன். உங்க துணி எப்படியாவது போய்ச் சேரட்டும்."

"நீங்க தூங்குனீங்களா அண்ணி?"

"இப்பத் தூங்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு நாத்தனார் வைத்துவிட்டாள்.

கணவன் இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டு, "என்ன, மாமாவுக்கு உடம்பு சரியில்லையா? போய்ப் பாத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டான்.

"வேண்டாம்" என்றாள் இன்ஸ்பெக்டர். அவள் முதல் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே நின்ற பிக்கப்பை நோக்கி நடந்தாள். "வண்டிச் சத்தத்துல ரெண்டு பேரும் முழிச்சிடுவாங்க, அந்தப் பக்கமே போகாத. வேற வழியா போகலாம், வா."